மகனைப் பயணம் அனுப்பலாமா?

பூமியில் சுற்றிப் பார்த்து, நமக்கு முன் வாழ்ந்து மறைந்த சமுதாயங்களின் முடிவு என்னவாயிற்று என்று சிந்திக்கும்படி திருக்குர்ஆன் ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் நம்மை அழைக்கிறது. ஆலு இம்ரான், அல்அன்ஆம், அந்நம்ல், அல்அன்கபூத், அர்ரூம் ஆகிய அத்தியாயங்களை ஓதுவோர் அனைவரும் இவ்வழைப்பைக் கடந்தே செல்கின்றனர். ஆனால், அதைத் தமக்கே விடுக்கப்பட்ட அழைப்பாக எடுத்துக்கொண்டவர் நம்மில் எத்தனை பேர்? ஹஜ்ஜு, உம்றா, பிழைப்புக்காக வளைகுடா என்னும் மூன்றையும் தவிர வேறொரு பயணத்தைப் பற்றி நம் வீடுகளில் பேச்செடுத்தால், 'வீண் விரயம்' என்ற சொல்லே முந்திக்கொண்டு வருகிறது.

தென்கோடிக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நமக்கு மடல் எழுதியிருக்கிறார். அவருடைய மூத்த மகன் கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார்; வயது இருபத்தாறு. தம் ஊதியத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு, அலுவலக நண்பர்கள் மூவருடன் தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டுக்குச் செல்ல விரும்புகிறார். அங்கே நான்கு நாட்கள் மலைச் சரிவில் சைக்கிளில் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்து, பழங்காலத்து இடிபாடுகளைக் காண்பது திட்டம். "கற்குவியலைப் பார்க்கக் கடல் கடக்க வேண்டுமா? அந்தப் பணத்தில் ஹஜ்ஜுக்குப் போகலாமே" என்கிறார் தகப்பனார். "மலையிலிருந்து சைக்கிளில் இறங்குவதாமே, என் நெஞ்சு பதறுகிறது" என்கிறார் தாயார். மடலின் இறுதியில் போகிற போக்கில் இன்னொன்றையும் குறித்திருக்கிறார்: "புறப்படும் முன் பெரியவாப்பாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டு வருகிறேன் என்கிறான். பூர்வீக வீட்டுப் பாகப்பிரிவினையிலிருந்து இவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்கிறார் இவர்."

இப்பயணம் கூடுமா, கூடாதா? பயனுள்ளதா, வீணா? இவையே அச்சகோதரியின் வினாக்கள். கூடும், கூடாது என்று ஒரே சொல்லில் விடையளித்து முடிப்பது எளிது. அதற்கு முன், அவ்வாலிபர் எங்கே போக விரும்புகிறார், அங்கே எதைக் காணப்போகிறார் என்பதை அறிந்துகொள்வதே முறையாகும். நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் இதே பாதையில் சென்று வந்தார். அவர் வாயிலாகக் கேட்டவற்றையும் நூல்களில் படித்தவற்றையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

நான்கு நாள் பாதை

பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைத்தொடரில், ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் குஸ்கோ என்னும் நகரம் இருக்கிறது. நம் நீலகிரியின் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். குஸ்கோவில் போய் இறங்குவோருக்குத் தலைவலியும் மூச்சுத் திணறலும் வருவது இயல்பு. ஆகவே, ஓரிரு நாட்கள் ஓய்வெடுத்து உடலைப் பழக்கிக்கொண்ட பின்னரே மேற்கொண்டு புறப்படவேண்டும். இன்கா மன்னர்களின் தலைநகர் இதுவே. அங்கிருந்து தொடங்கும் நான்கு நாள் பாதையை 'இன்கா வனப்பாதை' என்று அழைக்கின்றனர்.

முதல் நாள் ஒய்யாந்தைதாம்போ என்னும் பழைய ஊரின் வழியாக வேனில் ஏறி, அப்ரா மாலகா கணவாயை அடைகிறார்கள். அதன் உயரம் 4,300 மீட்டருக்கும் அதிகம். கைகள் விறைக்கும் குளிரில், தலைக்கவசமும் முழங்கால் கவசமும் கையுறையும் தந்து சைக்கிளில் ஏற்றுகிறார்கள். அங்கிருந்து சாந்தா மரியா என்னும் சிற்றூர் வரை ஐம்பது கிலோ மீட்டருக்கு மேல் இறக்கமே. சாந்தா மரியாவோ 1,200 மீட்டர் அளவில் இருப்பது. சில மணி நேரத்தில் மூவாயிரம் மீட்டர் உயரம் இறங்கிவிடுகிறார்கள். பனிமலையில் புறப்பட்டவர்கள் வாழையும் காப்பியும் விளையும் வெப்ப மண்ணில் வந்து நிற்கிறார்கள். வளைவுக்கு வளைவு மூடுபனி உண்டு. சாலையின் குறுக்கே ஓடைகள் பாய்கின்றன. எதிரே லாரிகளும் வருகின்றன. "இயற்கை அழகைக் கண்டாயா?" என்று அம்மாணவரைக் கேட்டோம். "பிரேக்கைத்தான் உஸ்தாத் கண்டேன். கீழே வந்து இறங்கிய பிறகுதான் ஷுக்ரு செய்யவே நினைவு வந்தது" என்றார்.

இரண்டாம் நாள் நடை. காப்பி, கொக்கோ, கோக்கா, பழ மரங்கள் ஆகியவற்றிடையே காட்டுப் பாதையில் ஏறி, ஆற்றுக்கு மேலே பாறையில் வெட்டப்பட்ட பழைய இன்கா வழியில் சிறிது தூரம் சென்று, மாலையில் சாந்தா தெரேசா என்னும் ஊரை அடைகிறார்கள். இவ்வூருக்கும் ஒரு கதை உண்டு. 1998ஆம் ஆண்டு தொடக்கத்தில் மலையிலிருந்து சேறும் பாறையுமாக இறங்கிய பெருவெள்ளம் பழைய சாந்தா தெரேசாவை அழித்துவிட்டது. இப்போது பயணிகள் தங்கும் ஊர் அதன்பின் மேட்டில் எழுந்தது. இன்காக்களின் இடிபாட்டைக் காணச் செல்வோர், நம் காலத்து இடிபாட்டின் அருகிலேயே ஓர் இரவு உறங்கிச் செல்கிறார்கள்.

மூன்றாம் நாள் நீர்மின் நிலையம் வரை சென்று, அங்கிருந்து உருபம்பா ஆற்றங்கரையில் இரயில் தண்டவாளத்தை ஒட்டி ஏறத்தாழ பத்துக் கிலோ மீட்டர் நடக்கிறார்கள். 'வெந்நீர்' என்று பொருள்படும் அகுவாஸ் காலியெந்தேஸ் என்னும் ஊரில் தங்குகிறார்கள். நான்காம் நாள் அதிகாலையில் மலையேறினால் 2,430 மீட்டர் உயரத்தில், மேகங்களிடையே மச்சுபிச்சு.

கற்கள் சொல்லும் திறமை

இன்கா மக்களிடம் இரும்புக் கருவி இல்லை. பாரம் இழுக்கும் சக்கர வண்டி இல்லை. எழுத்தும் இல்லை. வண்ணக் கயிறுகளில் முடிச்சிட்டே கணக்கு வைத்திருந்தனர். அதற்குக் 'கீப்பு' என்று பெயர். இவற்றுடன் 30,000 கிலோ மீட்டருக்கும் நீண்ட சாலைகளை அமைத்துப் பெரும் பேரரசை ஆண்டனர். அச்சாலைத் தொகுதியை யுனெஸ்கோ நிறுவனம் 2014ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மச்சுபிச்சு 15ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. கல்லைக் கல்லாலேயே தட்டிச் செதுக்கி, சுண்ணாம்பு எதுவுமின்றி ஒன்றோடொன்று பொருத்தியிருக்கிறார்கள். மழை கொட்டும் மலை முகட்டில் நகரம் சரியாமல் நிற்பது எவ்வாறு? கண்ணுக்குத் தெரியும் சுவர்களால் மட்டுமன்று. தரைக்குக் கீழே கல் சில்லுகளைப் பரப்பி, நீர் வடியும் வழிகளை முதலில் அமைத்தார்கள். அதன்மேல்தான் நகரத்தை எழுப்பினார்கள். மலைச் சுனையின் நீரை 749 மீட்டர் நீளக் கால்வாயில் கொணர்ந்து, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினாறு நீர்த்துறைகளில் விழச் செய்தார்கள். அக்கால்வாயில் இன்றும் நீர் ஓடுகிறது. அஸ்திவாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதுவே கட்டடத்தைத் தாங்குகிறது. இதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல மச்சுபிச்சுவை விடச் சிறந்த பாடம் உண்டா?

முதல் நாள் வழியில் வரும் ஒய்யாந்தைதாம்போவில் இன்னொரு பாடம் இருக்கிறது. ஊருக்கு எதிரே செங்குத்தான மலைச் சரிவில், காற்று வீசும் உயரத்தில் கல்லாலான களஞ்சியங்கள் நிற்கின்றன. விளைச்சல் மிகுந்த ஆண்டின் தானியத்தை அத்தகைய களஞ்சியங்களில் சேர்த்து வைத்துப் பஞ்ச காலத்தில் எடுத்துக்கொண்டனர். நபி யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்தில் ஏழாண்டு விளைச்சலைப் பாதுகாத்து ஏழாண்டுப் பஞ்சத்தைக் கடக்கச் செய்த வரலாற்றை ஓதிய ஒருவர், அக்களஞ்சியங்களைக் கண்டால் வாளாவிருக்க முடியுமா?

சாம்ராஜ்யம் சரிந்தது எப்படி?

இத்தனை திறமை படைத்த அரசு ஏன் வீழ்ந்தது? இதுவே இப்பயணத்தின் உயிரான கேள்வி.

இன்காக்களின் பெருவளர்ச்சி பச்சகூத்தி என்ற மன்னரோடு தொடங்குகிறது. 1438ஆம் ஆண்டில் அவர் அரசேறினார் என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. அவருக்குப் பின் மகன் தூபாக் யுபாங்கி. அவருக்குப் பின் பேரர் வாய்னா காபாக். ஐரோப்பியர் கொண்டுவந்த நோய், அவர்கள் படையெடுத்து வருவதற்கு முன்னரே மக்களிடையே பரவியது. வாய்னா காபாக்கும் அந்நோயாலேயே 1520களின் இறுதியில் மாண்டார் என்று வரலாற்றாசிரியர்களில் பலர் கருதுகின்றனர். அவர் மக்களில் இருவர் உவாஸ்கர், அதாவல்பா. வெவ்வேறு தாய்க்குப் பிறந்த அண்ணனும் தம்பியும் அரசுக்காகப் போரிட்டனர். நாடு இரண்டாகப் பிளந்தது. முடிவில் அதாவல்பா வென்றார். வெற்றிக் களிப்பு அடங்குமுன் பிரான்சிஸ்கோ பிஸாரோ என்ற ஸ்பானியர் வந்து சேர்ந்தார். அவருடன் வந்தவர்கள் 168 பேர் மட்டுமே. 1532 நவம்பர் 16 அன்று கஹமார்கா என்ற ஊரின் சதுக்கத்தில், ஆயிரக்கணக்கான ஆட்கள் சூழ வந்த அதாவல்பாவை அவர்கள் சிறைப்பிடித்தார்கள்.

விடுதலைக்கு விலையாக ஓர் அறை நிறையப் பொன்னும், அதைப்போல் இருமடங்கு வெள்ளியும் தருவதாக அதாவல்பா ஒப்புக்கொண்டார். பொன் வந்து குவிந்தது. ஆனால், சிறையில் இருந்தபோதும் அவருடைய அச்சம் அந்நியனைப் பற்றியதாக இல்லை. உடன்பிறந்தவரைப் பற்றியதாகவே இருந்தது. உவாஸ்கர் ஸ்பானியருடன் சேர்ந்துகொள்வாரோ என்று எண்ணி, தம் ஆட்களைக் கொண்டு அவரைக் கொல்லச் செய்தார். 1533ஆம் ஆண்டில் பிஸாரோ அதாவல்பாவுக்கு மரண தண்டனை விதித்தபோது சாட்டிய குற்றங்களில் ஒன்று, உடன்பிறந்தவரைக் கொன்றார் என்பது! பொன்னும் போயிற்று, உயிரும் போயிற்று.

வரலாற்று மேதை இப்னு கல்தூன் 1377ஆம் ஆண்டில் எழுதிய 'முகத்திமா' என்னும் நூலில், ஒரு குலத்தின் மேன்மை நான்கு தலைமுறைகளில் தேய்ந்துவிடும் என்ற கருத்தை விளக்குகிறார். முதல் தலைமுறை உழைத்து எழுப்புகிறது. அடுத்தது அதைப் பார்த்து வளர்கிறது. மூன்றாவது முன்னோர் வழியை அப்படியே பின்பற்றுகிறது. நான்காவதோ, உழைப்பால் வந்ததைப் பிறப்பால் வந்ததென எண்ணி இழந்துவிடுகிறது. பச்சகூத்தி முதல் அதாவல்பா வரை எண்ணிப் பாருங்கள். நான்கே தலைமுறை! கடலுக்கு அப்பால் அப்படியொரு நாடு இருப்பதே இப்னு கல்தூன் அறியாதது.

இப்னு கல்தூனின் முன்னோர் ஆண்டலூசியாவின் செவில் நகரத்தார். அவரும் கிரனடா அரசவையில் சில காலம் பணியாற்றியவர். அந்தக் கிரனடாவின் கதை நாம் அறியாததன்று. மன்னர் அபுல் ஹஸனை எதிர்த்து 1482ஆம் ஆண்டில் மகன் அபூ அப்தில்லாஹ் கிளர்ந்தெழுந்தார். பின்னர் சிறிய தகப்பனார் அஸ்ஸகலோடும் மோதினார். வாப்பாவும் மகனும், சிறிய தகப்பனாரும் அண்ணன் மகனும் ஒருவரையொருவர் பலவீனப்படுத்திக்கொண்டிருக்க, 1492 ஜனவரி 2 அன்று அல்ஹம்ராவின் சாவி கைமாறியது. அதிலிருந்து நாற்பதே ஆண்டுகளில் கஹமார்கா. அந்தப் படையெடுப்பின் குறிப்புகளில் ஸ்பானியர் இன்காக்களின் கோயிலைக் குறிக்க 'மெஸ்கீத்தா', அதாவது மஸ்ஜித் என்ற சொல்லையே எழுதினர். கிரனடாவில் பழகிய கண்ணோடு பெருவைப் பார்த்தவர்கள் அவர்கள்.

நண்பர்கள் கற்களைப் படம் பிடிக்கும்போது, நம் வாலிபரின் மனத்தில் இவ்வளவும் ஓடுமானால், அவர் சென்றது கற்குவியலைப் பார்க்க அன்று.

இடிபாட்டில் நடக்கும் அதபு

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் பயணத்தில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அல்ஹிஜ்ர் என்னும் இடத்தைக் கடந்தார்கள். ஸமூது கூட்டத்தார் பாறையைக் குடைந்து வாழ்ந்து, இறைவனின் வேதனைக்கு ஆளான ஊர் அது. அநீதி இழைத்தோரின் வீடுகளுக்குள் அழுதவர்களாக அன்றி நுழைய வேண்டாம் என்று தோழர்களுக்கு அறிவுறுத்திவிட்டு, தலையை மறைத்துக்கொண்டு விரைந்து சென்றார்கள் என்று ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. மதாயின் ஸாலிஹ் என அறியப்படும் அவ்விடம், 2008ஆம் ஆண்டில் சவூதி அரேபியாவிலிருந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற முதல் சின்னமாயிற்று.

மச்சுபிச்சுவின் மீது வேதனை இறங்கியதென்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. கூறவும் நமக்கு உரிமையில்லை. ஆனால், மறைந்தோரின் இல்லங்களில் நடக்கும்போது நெஞ்சு எப்படி இருக்கவேண்டும் என்னும் அதபு அந்நிகழ்ச்சியில் இருக்கிறது. பார்க்கச் சொல்கிறது திருமறை. தலை தாழ்த்திப் பார்க்கச் சொல்கிறது நபிவழி. கும்மாளமிட்டுக் கல்மேல் ஏறி நிற்பது இவ்விரண்டிலும் சேராது. 2000ஆம் ஆண்டில் மச்சுபிச்சுவில் பீர் விளம்பரப் படம் எடுத்தபோது, அங்கு கொண்டுபோன இயந்திரம் சாய்ந்து, 'இந்திவத்தானா' என்ற புகழ்பெற்ற கல்லின் முனை உடைந்தது. பல நூற்றாண்டு மழையும் நிலநடுக்கமும் செய்யாததை ஒரு நாள் விளம்பரம் செய்துவிட்டது!

அமானிதத்தைப் பற்றியும் அம்மலை பேசுகிறது. 1911ஆம் ஆண்டு ஹிராம் பிங்கம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அங்கே சென்றபோது, பழைய வயல் அடுக்குகளில் உழவர் குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன. ஓர் உழவர் சிறுவனே அவரை இடிபாடுகளுக்கு அழைத்துச் சென்றான். உலகம் மறந்த நகரம் என்று பிறர் எழுதினாலும், அம்மண்ணின் மக்கள் மறந்திருக்கவில்லை. அங்கிருந்து யேல் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட தொல்பொருள்கள், 2010ஆம் ஆண்டு ஏற்பட்ட உடன்பாட்டின்படி 2011, 2012ஆம் ஆண்டுகளில்தான் பெருவுக்குத் திரும்பின. பிறர் பொருள் நம் கையில் நூறாண்டு இருந்தாலும் நமதாகிவிடாது.

கட்டியவர்களின் வழித்தோன்றல்களாகிய கெச்சுவா மொழி பேசும் மக்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். சமையற்காரராகவும் வழிகாட்டியாகவும் சுமை தூக்குவோராகவும் பயணிகளுக்கு உழைப்பவர்கள் அவர்களே. புகழ்பெற்ற இன்காப் பாதையில் சுமை தூக்குவோர் அளவுக்கு மீறிய பாரத்தால் வருந்திய நிலையில், சுமையை 20 கிலோவாக வரையறுத்து 2001ஆம் ஆண்டில் பெரு அரசு சட்டம் இயற்றியது. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்தைச் சேர்ந்தவர், குறைந்த விலைக்கு ஏற்பாடு செய்யும் முகவரைத் தேடுமுன், அவர் தம் ஆட்களுக்கு என்ன கொடுக்கிறார் என்று கேட்டறியவேண்டும்.

தொழுகையும் உணவும்

பெருவில் முஸ்லிம்கள் மிகச் சிலரே. தலைநகர் லிமாவிலும், சிலி நாட்டு எல்லையை ஒட்டிய தக்னா நகரிலும் பள்ளிவாசல்கள் உண்டு. நான்கு நாள் காட்டுப் பாதையிலோ வாலிபரே தமக்குப் பள்ளிவாசல்.

நாம் மேற்கு நோக்கித் தொழுகிறோம். அங்கே கிப்லா கிழக்கிலிருந்து சற்று வடக்காக அமையும். நம் மாணவர் சாந்தா தெரேசாவில் விடியுமுன் சுப்ஹுத் தொழுதார். விடுதியை நடத்தும் மூதாட்டி அதைக் கண்டு, "நீங்களும் சூரியனையா வணங்குகிறீர்கள்?" என்று வழிகாட்டியின் மூலம் கேட்டாராம். இன்காக்கள் சூரியனை வணங்கியவர்கள் அல்லவா? சூரியன் உதிக்கும் தருணத்தில் தொழ வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஏன் தடுத்தார்கள் என்பதை மதரஸாவில் ஓதியிருந்தாலும், அந்த நொடியில்தான் தமக்கு அது முழுமையாக விளங்கியது என்றார் மாணவர். "சூரியனை அன்று, அதைப் படைத்தவனை" என்று அவர் விடை கூற, மூதாட்டி தலையசைத்துவிட்டுச் சூடான சோள ரொட்டி கொண்டுவந்து வைத்தாராம்.

சலுகைகளை அறிந்து செல்வது நன்று. நான்கு ரகஅத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கிக் கஸ்ராகத் தொழலாம். ஷாஃபிஈ மத்ஹபில் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்து ஜம்உ செய்யவும் இடமுண்டு. ஹனஃபீ மத்ஹபில், ஹஜ்ஜில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் அன்றி அவ்வாறு சேர்ப்பதில்லை. முழு ஒளுவுடன் கணுக்காலை மூடும் தோல் காலுறை அணிந்தவர், பயணத்தில் மூன்று பகலும் மூன்று இரவும் அதன்மேல் மஸ்ஹு செய்துகொள்ளலாம். மலைக் குளிரில் இது எத்தகைய அருள்! பயணத்திற்கு நன்னோக்கம் ஒன்று இருக்கவேண்டும் என்று ஷாஃபிஈ நூல்கள் வலியுறுத்துவதையும் மறக்கலாகாது.

உணவுக்குத் தட்டுப்பாடில்லை. உருளைக்கிழங்கின் தாயகமே அந்த மலைநாடு. சோளம், கினுவா தானியம், மீன், முட்டை, பழங்கள் தாராளம். இறைச்சியைத் தவிர்ப்பதே பேணுதல். சோளத்தைப் புளிக்க வைத்த 'சிச்சா' போதை தருவது, அதைத் தொடலாகாது. உயர நோய்க்கென்று கோக்கா இலைத் தேநீர் கொடுப்பார்கள். கோகெய்ன் என்னும் கொடிய போதைப் பொருள் அந்த இலையிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஐயத்திற்கிடமானதை விட்டுவிட்டு, மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கிச் செல்வதே மேல். அந்த இலையை நம் நாட்டுக்குள் கொண்டுவருவது 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டப்படி குற்றமுமாகும். சாந்தா தெரேசா அருகிலுள்ள வெந்நீர் ஊற்றில் ஆணும் பெண்ணும் கலந்து குளிக்கிறார்கள். நாணத்தைக் காக்க விரும்புவோர் அந்த மாலையை விடுதியில் கழிக்கலாம்.

தாயாரின் அச்சத்திற்கும் ஒரு சொல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைப்பதே நம் மார்க்கம். சைக்கிளின் பிரேக்கைப் புறப்படுமுன் சோதித்துக்கொள்ளட்டும். அச்சமாக இருந்தால், பின்னால் வரும் வேனில் ஏறிக்கொள்வதில் இழுக்கில்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே மழைக்காலம். 2010 ஜனவரியில் பெய்த பெருமழையில் இரயில் பாதை அறுந்து, மச்சுபிச்சு அருகே சிக்கிய ஆயிரக்கணக்கானோரை ஹெலிகாப்டர்களில் மீட்க நேர்ந்தது. மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட காலமே ஏற்றது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன் போட்டுச் சான்றிதழ் பெற்றுக்கொள்ள வேண்டும். அஃதின்றி அந்நாட்டிலிருந்து இந்தியா திரும்பினால், தனிமைப்படுத்தப்பட நேரிடலாம். நால்வராகச் செல்வதால், தம்முள் ஒருவரை அமீராக ஏற்றுக்கொள்வது சுன்னத்தான வழி. நண்பர்கள் பிற சமயத்தாராயினும் ஒருவர் சொல்லுக்கு மற்றவர் கட்டுப்படுவது அனைவருக்கும் காப்பாகும்.

ஹஜ்ஜா, பெருவா?

இனித் தகப்பனாரின் கேள்வி. அது அற்பமான கேள்வியன்று. பெருவுக்குச் சென்று திரும்பும் வசதி படைத்தவர்மீது ஹஜ்ஜு கடமையாகியிருக்கிறதா என்று முதலில் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். கடமையாகிவிட்டால் தாமதமின்றி நிறைவேற்ற வேண்டும் என்பது ஹனஃபீ மத்ஹபின் நிலை. நிறைவேற்றும் உறுதியோடு பிற்படுத்த ஷாஃபிஈ மத்ஹபு இடமளிக்கிறது. ஆனால், அடுத்த ஆண்டு உயிரோடிருப்போம் என்பதற்கு யார் பொறுப்பு? கடன், ஜகாத், பெற்றோரின் மருத்துவம், தங்கையின் படிப்பு என்று தம்மீதுள்ள பொறுப்புகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதட்டும். ஹஜ்ஜுக்கென்று தனியே ஒதுக்கட்டும். அதன் பின்னும் எஞ்சுவது அவருடைய உழைப்பின் பயன். அதைக் கொண்டு இறைவனின் பூமியைப் பார்ப்பது விரயமாகாது. எஞ்சவில்லையெனில், மலை எங்கும் போய்விடாது, அது காத்திருக்கும். இத்தாளை மகனே எழுதித் தகப்பனாரிடம் காட்டட்டும். தடுப்பதைவிட, பொறுப்பைக் கையில் கொடுப்பதே வளர்ந்த பிள்ளையைத் திருத்தும்.

ஆகவே சகோதரி, உங்கள் வினாவிற்கு எமது விடை: கணக்குச் சரியாக இருந்தால் அனுப்பி வையுங்கள், துஆவோடு அனுப்பி வையுங்கள். பயணியின் துஆவும், பிள்ளைக்காகப் பெற்றோர் கேட்கும் துஆவும் ஏற்கப்படுபவை என்பது ஹதீஸின் கருத்து. இரண்டும் ஒரே வேளையில் வானேறட்டும்.

முதலில் செல்ல வேண்டிய இடம்

ஆனால், மடலின் கடைசி வரியை நாம் கடந்துபோக முடியவில்லை. பூர்வீக வீட்டுக்காக அண்ணனும் தம்பியும் பேசாதிருக்கிறார்கள். ஒரு முஸ்லிம் தம் சகோதரரை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுங்கியிருப்பது ஆகாது என்பதை அறியாதவர்கள் அல்லர் இருவரும். உவாஸ்கரும் அதாவல்பாவும் ஒரு சாம்ராஜ்யத்துக்காகச் சண்டையிட்டார்கள். அதன் சுவர்கள் இன்று சுற்றுலாப் பயணிகளுக்கு வேடிக்கை. நாம் சண்டையிடுவது நாலு சுவருக்கும் ஒரு முற்றத்திற்கும். அதுவும் ஒருநாள் இடிபாடாகும். அதை யாரும் கடல் கடந்து வந்து பார்க்கப் போவதில்லை.

பயணம் புறப்படுவோர் உற்றார் வீடுதோறும் சென்று ஸலாம் கூறி, பிழை பொறுக்கக் கேட்டு விடைபெறுவது நம் முன்னோர் வழக்கம். அந்த இளைஞர் அவ்வழக்கத்தை நாடுகிறார். அவரைத் தடுப்பது நியாயமன்று. தகப்பனாரே அவர் கையைப் பிடித்துக்கொண்டு உடன் செல்வது அதனினும் சிறந்தது. பெருவுக்குப் போக விமானம் வேண்டும். பெரியவாப்பா வீட்டுக்குச் செருப்புப் போதும். எனினும், எந்தப் பயணம் நமக்குக் கடினமானது என்பதை நெஞ்சைத் தொட்டுச் சொல்வோமாக!

முன்னோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறும் கண்களையும், முறிந்த உறவை ஒட்டவைக்கும் நெஞ்சத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்கி அருள்வானாக! ஆமீன்.